உயிரியல் துறைக்கு ஐந்தாண்டுத் திட்டம்: பட்டியல் நீளுகிறது, திட்டம் வரவில்லை

வேர்த்தூவி கேட்டது:

வணக்கம். பல்கலைக்கழக உயிரியல் துறை ஒன்றுக்குக் கற்பித்தல், ஆராய்ச்சி இரண்டையும் சேர்த்து ஐந்தாண்டுத் திட்டம் எழுத வேண்டும். கையில் ஒன்பது மாதம் இருக்கிறது. நிலவரம் இதுதான்:

ஆசிரியர்கள் 18 பேர். ஐந்தாண்டுக்குள் 5 பேர் ஓய்வு பெறுகிறார்கள். அவர்களில் இருவர் தாவர வகைப்பாட்டியல், ஒருவர் விலங்கு உடலியங்கியல், மற்ற இருவர் மூலக்கூறு உயிரியல். முதலாண்டில் 240 மாணவர்கள். இரண்டாம் ஆண்டில் 120 பேர், ஆளுக்கு இரண்டு செய்முறைத் தாள். மூன்றாம் ஆண்டில் செய்முறையுள்ள விருப்பப் பாடம் நான்கு, ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 20 பேர். கற்பித்தல் ஆய்வகம் இரண்டு, தலா 24 இருக்கை. லேப் டெக்னீஷியன் இரண்டு பேர். உலர்த்திய தாவர மாதிரிகளைத் தாளில் ஒட்டிச் சேர்த்துவைக்கும் பழைய ஹெர்பேரியம் ஒன்று உண்டு.

முதல் வரைவில் 14 இலக்குகள் சேர்ந்துவிட்டன. ஆளாளுக்குத் தன் பிரிவைச் சேர்த்ததில் வந்த நீளம் அது. "உலகத்தரம்" என்ற சொல் மட்டும் ஆறு இடத்தில் வருகிறது. என் கேள்விகள்: எங்கிருந்து ஆரம்பிப்பது? எந்த ஆராய்ச்சித் துறைகளைத் தேர்ந்தெடுப்பது என்று எப்படி முடிவு செய்வது? சிலபஸை எவ்வளவு தூரம் கலைக்கலாம்? எதை அளந்தால் திட்டம் நடக்கிறது என்று தெரியும்?

ரைபோசோம்:

தொலைநோக்கு வாசகம் எழுதுவதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். முதலில் அறைக் கணக்கு, அப்புறம் ஆள் கணக்கு. இந்த இரண்டு தாளும் மேசைமேல் இருந்தால் 14 இலக்கில் பாதி தானாக உதிர்ந்துவிடும்.

நீங்கள் கொடுத்த எண்களையே வைத்துப் போடுகிறேன். முதலாண்டு 240 பேர், பேட்ச்சுக்கு 24 என்றால் 10 பேட்ச். வாரம் ஐந்து நாள், காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என்றால் ஓர் அறைக்கு 10 வேளை. அதாவது முதலாண்டு ஒன்றே ஓர் அறையை முழுசாக விழுங்கிவிடுகிறது. இரண்டாம் ஆண்டு 5 பேட்ச், இரண்டு தாள், மொத்தம் 10 வேளை. இரண்டாவது அறையும் தீர்ந்தது. மூன்றாம் ஆண்டுக்கு இன்னும் 4 வேளை வேண்டும். ஆக 20 வேளை இருக்கிற இடத்தில் 24 தேவை. இப்போது எப்படியோ ஓடுகிறது என்றால், எங்கோ ஒரு பேட்ச்சில் 30 பேரை அடைக்கிறார்கள், அல்லது யாரோ செய்முறையைக் கரும்பலகையில் நடத்துகிறார்கள். அது எந்தத் தாள் என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

20 வேளையையும் நிரப்பலாம் என்றும் எண்ண வேண்டாம். 80 சதவீதத்துக்கு மேல் போனால் மேசை தயார் செய்ய, கழுவ, விடுபட்ட பேட்ச்சுக்கு மறுவகுப்பு வைக்க நேரம் இருக்காது. 24 வேளையை 80 சதவீதத்தில் ஓட்ட வேண்டுமானால் 30 வேளை, அதாவது மூன்றாவது அறை. கட்டடம் கேட்கும்போது "இடப் பற்றாக்குறை நிலவுகிறது" என்று எழுதுவதைவிட இந்த நாலு வரியை எழுதினால் நிர்வாகம் மறுக்கச் சிரமப்படும்.

மூன்றாவது அறை கிடைக்கவில்லை என்றால் முதலாண்டை வாரம்விட்டு வாரமாக மாற்றுங்கள். ஐந்து பேட்ச் இந்த வாரம் ஆய்வகத்தில், மற்ற ஐந்து கணினி அறையில் சென்ற வாரத் தரவை வைத்துப் புள்ளியியல். 10 வேளை 5 ஆகிவிடும், மொத்தம் 19. இரண்டாம் ஆண்டில் ஒரு தாளையும் அப்படிச் செய்தால் 17, அதாவது 85 சதவீதம். சமாளிக்கலாம். ஆனால் கணினி வாரத்துக்கு உண்மையான வேலை இருக்க வேண்டும். பாடத்தை முதலிலேயே எழுதி வைக்காவிட்டால் இரண்டாவது மாதமே அது வருகைப்பதிவு எடுத்துவிட்டு அனுப்பும் வகுப்பாக மாறும்.

ஆள் கணக்கில் பலர் கோட்டைவிடுவது திருத்தும் நேரத்தில். 240 ரிப்போர்ட், ஒன்றுக்கு 10 நிமிடம் என்றாலே வாரத்துக்கு 40 மணி நேரம். ஒரு முழு ஆளின் வேலை அது, எந்தப் பட்டியலிலும் வராது. நாலு பேருக்கு ஒரு ரிப்போர்ட், ஒன்றுக்கு 15 நிமிடம் என்று மாற்றினால் 60 ரிப்போர்ட், 15 மணி நேரம். மிச்சமாகும் 25 மணி நேரம்தான் உங்கள் புதிய பாடத்துக்கான முதலீடு.

பைப்பெட்_முனை:

ரைபோசோம் சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும். திட்டக் கூட்டத்துல டெக்னீஷியனைக் கூப்பிடாம விட்டா திட்டம் ஆட்டோகிளேவ்ல, அதாவது ஆவியழுத்தத்துல கிருமியைக் கொல்ற கருவியில, போய் முட்டும். "முதலாண்டுல நுண்ணுயிரியல் பகுதி சேர்ப்போம்"னு ஒரே வரியில எழுதிடுவாங்க. அந்த ஒரு வரி என்ன கேக்குதுன்னு பாருங்க.

240 பேர், ரெண்டு ரெண்டு பேரா 120 ஜோடி. ஜோடிக்கு 4 பிளேட்னா 480 பிளேட். பிளேட்டுக்கு 20 மில்லி ஊத்தினா நுண்ணுயிர் வளர்க்கற மீடியம் 9.6 லிட்டர், லிட்டருக்கு 15 கிராம் வீதம் அதைக் கெட்டியாக்கற அகார் மட்டுமே 144 கிராம். பொங்கி வழியாம இருக்க ஒரு லிட்டர் பிளாஸ்க்குல அரை லிட்டர்தான் வைக்கலாம், ஆக 20 பிளாஸ்க். கருவியில ஒரு தடவைக்கு 6 பிளாஸ்க் புடிக்கும்னா 4 ஓட்டம். 121 டிகிரியில 15 நிமிஷம்னு புத்தகத்துல இருக்கும். அது திரவத்தோட நடுப்பகுதி அந்தச் சூட்டை எட்டினதுக்கு அப்புறம் வர்ற 15 நிமிஷம். அரை லிட்டர் பிளாஸ்க்குக்கு சூடேற, ஆற எல்லாம் சேத்தா ஓர் ஓட்டம் ரெண்டு மணி நேரத்துக்குப் பக்கம் வந்துடும். அவசரப்பட்டு ஆவியைத் திறந்துவிட்டா மீடியம் கொதிச்சு வெளியே வந்துடும். ஆக ஒரு டெக்னீஷியனுக்கு ஒரு முழு நாள் சமைக்கவே போயிடும். 50 டிகிரி வாக்குல ஆறவிட்டு ஊத்தறது, உலர்த்தறது, அடுக்கறது இன்னொரு நாள். வகுப்பு முடிஞ்சதும் அதே 480 பிளேட்டையும் கொல்லணும், அதுக்கும் அதே ஆட்டோகிளேவ்தான். சுத்தமான மீடியத்தையும் கழிவையும் ஒண்ணா ஓட்டக் கூடாது. இருக்கறது ஒரு கருவிதான்னா ஆராய்ச்சி மாணவர்களும் அதுக்குத்தான் வரிசையில நிப்பாங்க.

இன்னொண்ணு, திங்கக்கிழமை பூசின பிளேட்டை செவ்வாயோ புதனோ பாக்கணும், அப்போ அந்த அறையில வேற பேட்ச் இருக்கும். 37 டிகிரியில ஒரு நாள் வெச்சு, 4 டிகிரிக்கு மாத்தி, அடுத்த வகுப்புல எண்ண வைக்கறதுதான் வழி. அதுக்கு குளிர்பெட்டியில இடம் இருக்கான்னு யாராவது எழுந்து போய்ப் பாத்துட்டு வரணும்.

திட்டத்துல ஒவ்வொரு புதுப் பாடத்துக்கும் டெக்னீஷியன் மணி நேரம்னு ஒரு கட்டம் போடுங்க. காலியா விட்ட கட்டம் இருந்தா அந்த வரி நடக்காது.

மகரந்தம்:

சிலபஸ் பற்றிக் கேட்டதற்கு என் பதில்: தாள்களைக் கலைக்கும் முன் வரைபடம் ஒன்று போடுங்கள். வரிசையில் பாடங்கள், நெடுக்கில் பட்டம் பெறும் மாணவருக்கு வந்திருக்க வேண்டிய திறன்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அறிமுகம், பயிற்சி, தேர்ச்சி இவற்றில் ஒன்றைக் குறியுங்கள். முக்கியமான விஷயம், இதைச் சிலபஸைப் பார்த்து நிரப்பக் கூடாது. கடந்த இரண்டு ஆண்டு வினாத்தாளைப் பார்த்து நிரப்ப வேண்டும். சிலபஸில் "பகுத்தாய்வுத் திறன்" என்று இருக்கும், வினாத்தாளில் "மைட்டாசிஸின் நிலைகளை விளக்குக" என்று இருக்கும். எது கேட்கப்படுகிறதோ அதுதான் கற்பிக்கப்படுகிறது.

இப்படிப் போட்டுப் பார்த்தால் வழக்கமாகத் தெரியவரும் சித்திரம் ஒன்று உண்டு. டிஎன்ஏ இரட்டிப்பாதல் முதலாண்டில், செல் உயிரியலில், மரபியலில், மூலக்கூறு உயிரியலில் என்று நாலு இடத்தில் அதே ஆழத்தில் இருக்கும். டிஎன்ஏ துண்டைப் பலமடங்காக்கும் பிசிஆர் செய்முறை மூன்று முறை வரும். ஒரு வரைபடத்தைக் கொடுத்து "இதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம், எதைச் சொல்ல முடியாது" என்று கேட்கும் கேள்வி எங்கும் இராது. புள்ளியியல் மூன்றாம் ஆண்டில் தனித் தாளாக, உயிரியல் தரவே இல்லாமல் நிற்கும். அதை இரண்டாம் பருவத்துக்கு இறக்கி, ரைபோசோம் சொன்ன கணினி வாரத்தில் ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியோடு சேர்த்துவிட்டால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

திறன் பட்டியலைப் புதிதாக யோசித்து மாதக்கணக்கை வீணாக்க வேண்டியதில்லை. அறிவியல் முன்னேற்றத்துக்கான அமெரிக்கச் சங்கம் 2011இல் வெளியிட்ட இளநிலை உயிரியல் கல்வி அறிக்கையில் ஐந்து மையக் கருத்துகள் இருக்கின்றன: பரிணாமம்; அமைப்பும் செயலும்; தகவலின் ஓட்டம், பரிமாற்றம், சேமிப்பு; ஆற்றலும் பொருளும் மாறும் வழிகள்; அமைப்புமுறைகள். கூடவே ஆறு திறன்கள். அதை எடுத்துக்கொண்டு உங்களுக்குப் பொருந்தாததை வெட்டுங்கள். இரண்டு கூட்டத்தில் முடிகிற வேலை.

வகுப்பில் கற்பிக்கும் முறையை மாற்ற வேண்டுமா என்று துறைக்குள் சண்டை வரும். சான்று தெளிவாகவே இருக்கிறது. 2014இல் வந்த தொகுப்பாய்வு ஒன்று அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் தோல்வி 33.8 சதவீதம், மாணவர்கள் வகுப்பிலேயே வேலை செய்யும் முறையில் 21.8 சதவீதம். 50 பேருக்குக் கீழான வகுப்பில் பலன் இன்னும் அதிகம், பெரிய வகுப்பிலும் பலன் உண்டு. இதை வைத்து எல்லாரையும் ஒரே பருவத்தில் மாறச் சொன்னால் யாரும் மாற மாட்டார்கள். தோல்வி அதிகமுள்ள ஒரு தாளை எடுங்கள், அதை நடத்தும் இருவருக்கு ஒரு பருவம் பாடச்சுமையைக் குறையுங்கள், அவர்கள் தயாரித்த கேள்விகளைத் துறையின் சொத்தாக வையுங்கள். ஆள் மாறினாலும் பாடம் நிற்கும்.

செய்முறையை ஆராய்ச்சியோடு இணைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. விடை முன்கூட்டியே தெரிந்த சோதனைக்குப் பதில் யாருக்கும் விடை தெரியாத சிறு கேள்வியை முதலாண்டுக்குக் கொடுப்பது பல இடங்களில் நடக்கிறது. மண்ணிலிருந்து பாக்டீரியோஃபேஜை, அதாவது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸை, பிரித்தெடுத்து, அதன் மரபணுத்தொகுதியை வரிசைப்படுத்தி, மாணவர்களே குறிப்பெழுதும் சீ-ஃபேஜஸ் திட்டம் 2008இலிருந்து நடப்பது. நல்ல மாதிரி அது. ஆனால் 240 பேரோடு ஆரம்பிக்காதீர்கள். முதல் ஆண்டு இரண்டு பேட்ச், 48 பேர் போதும். ஃபேஜ் கிடைக்காத குழுவுக்குக் கொடுக்க முன்பே பிரித்த மாதிரிகள் குளிர்பெட்டியில் தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் குழுவுக்குப் பாதிப் பருவம் காலி.

உப்புமூலை:

ஆராய்ச்சித் துறைத் தேர்வு பற்றி யாரும் இன்னும் தொடவில்லை.

முதல் தப்பு, துறைக்குப் பெயர் வைக்கும் விதம். ஜீனோமிக்ஸ், அதாவது மரபணுத்தொகுதியைப் படிப்பது, ஒரு முறை, அதை ஆராய்ச்சித் துறையாக எழுதினால் ஐந்து ஆண்டில் பழசாகிவிடும். "வறட்சியில் தாவரங்கள் நீரை எப்படிக் கையாளுகின்றன" என்பது கேள்வி. கேள்வியை எழுதினால் வகைப்பாட்டியலாளர், உடலியங்கியலாளர், கணக்கீட்டாளர் மூவரும் ஒரே வரியில் நிற்க முடியும்.

இரண்டாவது, ஒரு துறையைத் தேர்வதற்கு நாலு நிபந்தனை வையுங்கள்: குறைந்தது மூன்று ஆசிரியர்கள், அவர்கள் பகிரும் ஒரு கருவித் தொகுதி, அவர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு முதுநிலைப் பாடம், ஒன்றுக்கு மேற்பட்ட நிதி வாசல். ஒருவரே உள்ள துறை எவ்வளவு சிறப்பானதாக இருந்தாலும் அது அவருடைய ஆய்வகம். துறையின் திசை ஆகாது. 18 பேருக்கு மூன்று திசை போதும். எதிலும் சேராத இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களை இழுத்து ஒட்டவைக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

மூன்றாவது, ஓய்வு பெறுகிற இடத்தை நிரப்பும் வரிசை. இங்கேதான் உண்மையான திட்டம் இருக்கிறது. ஐந்து பேருக்கும் ஒரு அட்டவணை போடுங்கள்: எந்த ஆண்டு போகிறார், அவர் மட்டுமே நடத்தக்கூடிய தாள் எது, அவர் பொறுப்பிலுள்ள கருவி எது, அவரிடம் உள்ள ஆய்வு மாணவர்கள் எப்போது முடிப்பார்கள். விளம்பரத்திலிருந்து புது ஆள் சேரும்வரை ஓர் ஆண்டு, அவர் ஆய்வகம் தயாராக இன்னொரு ஆறு மாதத்திலிருந்து ஓர் ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் போகிறவருக்கு இரண்டாம் ஆண்டு தொடக்கத்திலேயே ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். விலங்கு உடலியங்கியல் உங்களுக்கு ஒருவர்தான் போலிருக்கிறது. அவர் முதலில் போனால் கட்டாயத் தாள் ஒன்று ஆளில்லாமல் நிற்கும். கட்டாயத் தாள் ஒவ்வொன்றையும் குறைந்தது இருவரால் நடத்த முடிய வேண்டும் என்பதை விதியாகவே எழுதிவிடுங்கள். ஐந்து இடத்தையும் புது மோஸ்தருக்கே கொடுத்தால் இலைத்துளை எப்படித் திறக்கிறது என்று சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது.

கருவி விஷயத்தில் ஒன்றே ஒன்று. பெரிய நுண்ணோக்கிக்கோ நிறைநிரல்மானிக்கோ பராமரிப்பு ஒப்பந்தம் ஆண்டுக்கு வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் போகும். பத்தாண்டு ஓட்டினால் இன்னொரு கருவியின் விலை. வாங்கும் வரியில் இதையும் இயக்குபவரின் சம்பளத்தையும் சேர்க்காத திட்டம் உறை போட்டு மூடிய கருவியில்தான் முடியும். புதிது கேட்கும் முன் இருப்பதன் பதிவேட்டைப் பாருங்கள். மூன்று ஆய்வகத்தில் டிஎன்ஏ அளவை அளக்கும் கியூபிசிஆர் கருவி மூன்று, ஒவ்வொன்றும் வாரம் ஆறு மணி நேரம் ஓடுகிறது என்றால் தேவை நாலாவது கருவி அல்ல, ஒரு பொது அறையும் முன்பதிவுத் தாளும்.

மைனஸ் 80 டிகிரி உறைபெட்டிகளையும் எண்ணுங்கள். மைனஸ் 70க்கு மாற்றினாலே மின்செலவு கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை குறையும், அறையைக் குளிரூட்டும் சுமையும் இறங்கும். பெரும்பாலான மாதிரிகளுக்கு அது போதும். ஒரு பெட்டியைக் காலியாக, ஓடும் நிலையில் வையுங்கள். கம்ப்ரஸர் நள்ளிரவில் நின்றால் மாற்றி வைக்க வேறு இடம் கிடையாது.

வேர்த்தூவி:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். வகைப்பாட்டியலாளர் இருவரும் போனால் ஹெர்பேரியத்தை என்ன செய்வது? "யாரும் பயன்படுத்துவதில்லை, அறையைக் காலி செய்து மூன்றாவது ஆய்வகம் ஆக்கலாம்" என்று ஒரு கருத்து ஓடுகிறது. அடுத்து, 14 இலக்கைச் சண்டையில்லாமல் எப்படிக் குறைப்பது?

மகரந்தம்:

காலி செய்யும் முன் மூன்று விஷயம் தெரிய வேண்டும். மூல மாதிரிகள், அதாவது ஓர் இனத்துக்குப் பெயர் வைக்கும்போது ஆதாரமாகக் குறித்த தாள்கள் இருக்கின்றனவா? வேறு நிறுவனங்களிடமிருந்து இரவலாக வந்தவை இருக்கின்றனவா? எத்தனை தாளில் இடமும் தேதியும் ஒழுங்காக இருக்கின்றன? முதல் இரண்டில் ஒன்றுக்கு "ஆம்" என்றால் துறை தன்னிஷ்டப்படி முடிவெடுக்க முடியாது.

வைத்துக்கொள்வதென்றால் பேராசிரியர் தேவையில்லை, பயிற்சி பெற்ற காப்பாளர் ஒருவர், அரை நேரமாவது வேண்டும். வேலை என்னவென்றால்: உள்ளே வரும் ஒவ்வொரு தாள்கட்டையும் பையில் இறுக்கி மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வைப்பது. வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும், அவசரப்பட்டுப் பிரித்தால் தாளில் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். சிகரெட் வண்டு ஒரு தடவை உள்ளே நுழைந்துவிட்டால் அடுக்கடுக்காகத் தூளாக்கிவிடும். அந்துருண்டை போட்டு மூடிவைப்பது தீர்வல்ல, அதே அறையில் ஆள் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும்.

எண்ணிமப்படுத்த எவ்வளவு காலம் ஆகும் என்று ஊகிக்காதீர்கள். 50 தாளை எடுத்து, படமெடுத்து, உயிரின மாதிரித் தகவலுக்கான பொதுத்தரமான டார்வின் கோர் வடிவில் தகவலை உள்ளிட்டு, மணி பாருங்கள். ஒரு தாளுக்கு ஆன நேரத்தை மொத்தத் தாள் எண்ணிக்கையால் பெருக்குங்கள். படம் எடுப்பது சீக்கிரம் முடியும், கையெழுத்துச் சீட்டைப் படிப்பதுதான் இழுக்கும். இந்த வேலையையே மூன்றாம் ஆண்டு விருப்பப் பாடத்தின் செய்முறையாக வைத்தால் ஈரமேசை இல்லாமல் ஒரு பேட்ச் நடக்கும், ரைபோசோம் கணக்கில் ஒரு வேளை மிச்சம். ஹெர்பேரியம் அறையில் தண்ணீர்க் குழாயும் வடிகாலும் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இல்லையென்றால் அதை ஆய்வகமாக்கும் செலவு, காப்பாளர் சம்பளத்தை மலிவாகக் காட்டும்.

ரைபோசோம்:

14ஐக் குறைக்க: ஒவ்வொரு இலக்குக்கும் ஒரே பக்கம். பொறுப்பாளர் பெயர் (குழு அல்ல, ஓர் ஆள்), முடிக்கும் பருவம், வாரத்துக்கு எத்தனை ஆள்-மணி, எத்தனை அறை-வேளை, பணம், கடைசியாக "இதற்காக எதை நிறுத்துகிறோம்". கடைசி வரி காலியாக வரும் பக்கம் கூட்டத்துக்கே வராது. பொறுப்பேற்க ஆள் கிடைக்காத இலக்கும் அங்கேயே நின்றுவிடும். இந்த வடிகட்டலில் யாரும் யாரையும் வெட்ட வேண்டியதில்லை.

மிஞ்சும் இலக்குகளில் பிடித்ததன்மேல் ஒட்ட ஆளுக்கு நாலு ஒட்டுச்சீட்டு கொடுங்கள். இளையவர்கள் முதலில் ஒட்டட்டும், துறைத் தலைவர் கடைசியில். தலைகீழாகச் செய்தால் எல்லாச் சீட்டும் அவர் ஒட்டிய இடத்துக்கே போகும்.

ஒன்பது மாதத்தைப் பிரிப்பது: முதல் இரண்டு மாதம் எண்கள் மட்டும். மூன்றாவது மாதம் தனித்தனிப் பேச்சு. டெக்னீஷியன், ஆய்வு மாணவர் உட்பட. நாலாவதில் ஒன்றரை நாள் கூட்டம். அரை நாள் எண்களைப் படிக்க, ஒரு நாள் முடிவெடுக்க. அடுத்த இரண்டு மாதம் ஐந்து பேர் எழுதுவது, ஏழாவதில் செலவுக் கணக்கு, எட்டாவதில் நிர்வாகத்தோடு பேச்சு, ஒன்பதாவதில் ஒப்புதல். எழுதும் குழுவை ஐந்துக்கு மேல் போகவிட்டால் மறுபடியும் பட்டியல்தான் வரும்.

அளவுகோல் நாலைந்து போதும்: முதலாண்டுத் தாளில் தோல்வி விகிதம், பிஎச்டி முடிக்க ஆகும் காலத்தின் இடைநிலை அளவு, பொதுக் கருவிகள் ஓடிய மணி நேரம், குறைந்தது இருவரால் நடத்தக்கூடிய கட்டாயத் தாள்களின் எண்ணிக்கை, இரண்டு ஆய்வகங்கள் சேர்ந்து கேட்ட நிதி விண்ணப்பங்கள். கட்டுரை எண்ணிக்கையை இலக்காக வைத்தால் ஒரு வேலையை மூன்றாக நறுக்கி அனுப்புவார்கள். இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை, அதாவது அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்ணை, நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் அளவாக வைக்கக் கூடாது என்று ஆராய்ச்சி மதிப்பீடு பற்றிய சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் 2012இலேயே சொல்லிவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் அதில் கையெழுத்திட்டிருந்தால் அதையே காட்டி மறுக்கலாம்.

ஆண்டு மீளாய்வுக் கூட்டத்தின் தேதியை இப்போதே குறித்துவிடுங்கள், அடுத்த ஆண்டு டைம்டேபிள் பூட்டப்படுவதற்கு ஆறு வாரம் முன்பாக. அதற்குப் பிறகு கூடினால் என்ன முடிவெடுத்தாலும் ஓர் ஆண்டு கழித்துத்தான் அறைக்குள் வரும்.